‘சோதிக்க வேண்டா’ என்று வாயடைக்கும் முன்: சித்தாந்த வகுப்பு எடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டை அடுத்த ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் 1998ஆம் ஆண்டிலிருந்து வெள்ளிக்கிழமை இரவுகளில் சைவ சித்தாந்த வகுப்பு எடுத்து வருகிறேன். பால்மரங்களை (ரப்பர் மரங்களை) அழித்துச் செம்பனை நட்டார்கள். லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பிள்ளைகள் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் வேலை தேடிப் போனார்கள். வகுப்பு மட்டும் ஆள் குறைந்தும் கூடியும் நடந்துகொண்டே இருக்கிறது. இந்த ஆண்டு என்னிடம் படித்த இரண்டு இளைஞர்கள் அதை ஏற்று நடத்தத் தொடங்கியுள்ளனர். பின்வரிசைப் பாயில் அமர்ந்து அவர்களைக் கேட்கும்போது, அறிவுக்கும் நம்பிக்கைக்கும் உள்ள உறவைப் பற்றி நான் தொடக்க ஆண்டுகளில் சொன்ன அதே பிழைகளை, ஏறக்குறைய அதே சொற்களில், அவர்கள் வாயிலிருந்து கேட்கிறேன். ஆசிரியர் பெயரை மாற்றிச் சொல்வது, நூற்றாண்டைத் தவறவிடுவது, வடசொல்லைப் பிழையாக உச்சரிப்பது போன்றவற்றை இங்கே நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவை இரண்டு மூன்று ஆண்டுகளில் தாமே திருந்திவிடும். கேட்பவர் மனத்தில் வேர் பிடித்துவிடும் பிழைகளைப் பற்றியே எழுதுகிறேன்.

நாத்திகம் என்ற சொல்

எங்கள் தோட்டங்களில் இச்சொல்லுக்குத் தனி வரலாறு உண்டு. 1929ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். அதற்குப் பின் வந்த தலைமுறைகள், நாத்திகம் என்றால் கடவுள் மறுப்பு என்றும், பகுத்தறிவு என்றால் கோயிலுக்கு எதிர்ப்பக்கம் என்றும் பேசிப் பழகிவிட்டன. சாதிக்கு எதிராக அந்த இயக்கம் தொழிலாளரிடையே செய்த பணியை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் சொற்பொருளைப் பழைய தரிசன (தத்துவ) நூல்களுக்குள் எடுத்துச் சென்றால் அந்நூல்கள் விளங்காமல் போகும். மனு நூல் நாத்திகன் என்று சொல்வது வேதத்தை இகழ்பவனை. வேதப் பொருளை ஆராய்ந்த மரபினராகிய மீமாஞ்சகர் வேதத்தின் ஒவ்வோர் எழுத்தையும் போற்றியவர்கள். அவர்களுள் தலையாய குமாரிலர், உலகைப் படைத்த ஒருவன் உண்டு என்பதை வாதிட்டு மறுத்தவர். சாங்கியத்தில் ஒரு பிரிவை நம் நூல்கள் நிரீச்சுர (இறைவனை ஏற்காத) சாங்கியம் என்றே அழைக்கின்றன. இவர்கள் இருவரும் வேதத்தை ஏற்கும் ஆத்திகர் வரிசையில் இருக்கிறார்கள். ஆகவே ‘ஆத்திகர் நம்பினர், நாத்திகர் சிந்தித்தனர்’ என்று கரும்பலகையில் இரண்டு கட்டம் போடும்போதே, கடவுளை மறுத்த ஆத்திகரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்ற சிக்கல் எழுந்துவிடும். இளைஞர் ஒருவர் சென்ற மாதம் அப்படிக் கட்டம் போட்டார். நானும் ஒரு காலத்தில் போட்டிருக்கிறேன்.

சிரத்தையை நம்பிக்கை என்று மட்டும் பெயர்த்தல்

சிரத்தை என்பதற்கு ‘நம்பிக்கை’ என்று ஒற்றைச் சொல் எழுதிவிட்டுக் கடந்து போகிறோம். கடோபநிடதத்தின் தொடக்கத்தைக் கவனிக்க வேண்டும். தந்தை தன் உடைமைகளை எல்லாம் தானம் செய்கிறார். ஓட்டிவரப்படும் பசுக்களோ, இனிமேல் நீர் குடிக்கவோ புல் மேயவோ பால் தரவோ இயலாத கிழட்டுப் பசுக்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுவன் நசிகேதனுக்குள் சிரத்தை புகுந்தது என்கிறது அந்நூல். சிரத்தை புகுந்தவுடன் அவன் கைகூப்பி அமைதியாகவில்லை. இத்தகைய தானத்தைக் கொடுப்பவன் எந்த உலகத்துக்குப் போவான் என்று எண்ணிப் பார்த்தான். என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று தந்தையிடம் மூன்று முறை கேட்டான். வேள்வி மெய்யானது என்று மனப்பூர்வமாக எடுத்துக்கொண்டவனுக்குத்தான், அது பொய்யாக நடத்தப்படுவது பொறுக்காது. கேள்வி கேட்கும் பிள்ளையிடம் சிரத்தை இல்லை என்று நாம் முடிவு கட்டும் ஒவ்வொரு முறையும் நசிகேதன் கதையை நேர்மாறாகப் படிக்கிறோம்.

‘சோதிக்க வேண்டா’ என்று கேள்வியை அடைத்தல்

இந்த ஒரு பிழையைப் பற்றி நான் நீளமாக எழுதியே ஆக வேண்டும். இன்றும் அதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

2003ஆம் ஆண்டு நான்காம் படிவம் படித்த ஒரு மாணவன் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தான். மெய்கண்டார் செய்த சித்தாந்த முதல்நூலாகிய சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவை நடத்தி, உலகுக்கு ஒரு கர்த்தா உண்டு என்று நான் முடித்தபோது அவன் எழுந்து, “ஐயா, எல்லாத்துக்கும் ஒரு கர்த்தா வேணும்னு சொல்றீங்க. அப்ப அந்தக் கர்த்தாவ யார் உண்டாக்குனது?” என்று கேட்டான். மண்டபத்தில் பெரியவர்கள் இருந்தார்கள். நான் விடை சொல்லவில்லை. திருஞானசம்பந்தரின் திருப்பாசுரத்திலிருந்து, ‘ஏதுக்களாலும் எடுத்த மொழியாலும் மிக்குச் சோதிக்க வேண்டா சுடர்விட்டுளன் எங்கள் சோதி’ என்ற அடிகளைப் பண்ணோடு பாடினேன். பெரியவர்கள் தலையசைத்தார்கள். அவன் உட்கார்ந்தான். அதற்குப் பின் இரண்டு வாரம் வந்தான்; பிறகு வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து அவன் தங்கையின் திருமணத்தில் சந்தித்தபோது மரியாதையோடு வந்து வணங்கிவிட்டுச் சொன்னான்: “அன்னைக்கு நீங்க தேவாரம் பாடினீங்க ஐயா, நல்லா இருந்துச்சு. ஆனா எனக்குப் பதில் வரல.”

அந்த இரவு நான் செய்த பிழை ஒன்றன் மேல் ஒன்றாக மூன்று அடுக்குடையது. முதலாவது, பாட்டையே நான் சரியாகப் படிக்கவில்லை. ‘மிக்கு’ என்ற சொல் அதில் இருக்கிறது. அளவு கடந்து சோதித்துக்கொண்டே இராதீர்கள் என்பதற்கும், சோதிக்கவே கூடாது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒரு சொல் தாங்குகிறது. தொடர்ந்து வரும் அடிகள் ‘மாதுக்கம் நீங்கலுறுவீர்’ என்றும் ‘சாதுக்கள் மிக்கீர்’ என்றும், பெருந்துன்பம் நீங்க விரும்பி நெறியை நாடி வந்துவிட்டவர்களை அழைக்கின்றன. வாசலில் நின்று வழி கேட்கும் பதினாறு வயதுப் பையனுக்குச் சொன்ன வார்த்தைகள் அவை அல்ல. மேலும், இந்தத் திருப்பாசுரம்தான் மதுரையில் சமணரோடு நடந்த வாதத்தில் ஏட்டில் எழுதப்பெற்று வைகையில் விடப்பட்டது என்று பெரியபுராணம் கூறுகிறது. எதிர்த்தரப்பின் முன்னால், வெற்றி தோல்விக்கு உடன்பட்டு, ஆற்றில் இடப்பட்ட பாட்டு அது. அதை எடுத்து நான் எதிர்த்தரப்பே இல்லாமல் செய்யப் பயன்படுத்தினேன்.

இரண்டாவது அடுக்கு இன்னும் கசப்பானது. அவன் கேட்ட கேள்விக்கு விடை, அப்போது என் கையில் விரிந்திருந்த ஏட்டிலேயே இருந்தது. ‘அவன் அவள் அது எனும் அவை மூவினைமையின்’ என்று தொடங்குகிறது மெய்கண்டாரின் முதல் நூற்பா. எல்லாவற்றுக்கும் கர்த்தா வேண்டும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. அவன், அவள், அது என்று சுட்டி அறியப்படும் உலகம் தோன்றுதல், நிற்றல், ஒடுங்குதல் என்னும் மூன்று வினை உடையதாக இருப்பதால் அதற்கு ஒருவன் வேண்டும் என்கிறார். ‘மூவினைமையின்’ என்பதில் உள்ள ‘இன்’ ஏதுப்பொருளில், அதாவது காரணம் காட்டும் பொருளில், வந்தது. அந்த மூவினை எதனிடம் இல்லையோ அதற்கு இந்த ஏது பொருந்தாது. ஆகவே ‘அதை யார் உண்டாக்கினார்’ என்ற கேள்வி அந்த இடத்தில் எழ வழியில்லை. இந்த விடையை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அது விடை. நானோ முதல் நூற்பாவை ‘எல்லாவற்றுக்கும் கர்த்தா வேண்டும்’ என்று தவறாகச் சுருக்கிச் சொல்லி, அந்தச் சுருக்கத்தின் ஓட்டையைக் கண்டுபிடித்த மாணவனைத் தேவாரத்தால் அமர்த்தினேன். 12 நூற்பாக்களையும் அதிகரணங்கள் என்னும் பகுதிகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் மேற்கோள் (நிறுவ எடுத்த கூற்று), ஏது, எடுத்துக்காட்டு என்று முறையாக வகுத்துச் செல்லும் நூல் சிவஞானபோதம். ஏதுவைக் கேட்கக்கூடாது என்பவர் அந்நூலைக் கையில் எடுக்கவே முடியாது.

மூன்றாவது அடுக்குதான் எல்லாவற்றினும் செலவு மிக்கது, ஏனெனில் அது அந்த மாணவனோடு நிற்கவில்லை. மண்டபத்தில் இருந்த அனைவருக்கும், உரை அளவை, அதாவது நம்பத்தக்கவர் சொல்லால் அறியும் வழி, சிந்தனையை நிறுத்தும் கதவு என்று நான் கற்பித்துவிட்டேன். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், பிறர் கூறும் பலவகை அளவைகளையும் எண்ணிவிட்டு, அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்கிறார். உரையும் ஓர் அளவை. கண்ணாற் காண்பதைப்போல, புகையைக் கொண்டு நெருப்பைக் கருதுவதைப்போல, அதுவும் அறிவு பிறக்கும் வழிகளுள் ஒன்று. அறிவு ஒரு பக்கம், நம்பிக்கை மறுபக்கம் என்று இழுக்கப்பட்ட கோட்டை இந்நூலில் தேடினால் கிடைக்காது. எந்தப் பொருளை எந்த வழியால் அறிவது, எவர் சொல்லை எதற்காகத் தெளிவது என்பதே அங்கே வழக்கு.

இதை விளக்க இப்போதெல்லாம் நான் என் தந்தையார் பால்வெட்டக் கற்ற கதையைச் சொல்கிறேன். புதிதாகக் கத்தி பிடிப்பவனுக்குப் பட்டையை எவ்வளவு ஆழம் சீவலாம் என்பது தெரியாது. மரத்தின் உள்ளே கத்தி பட்டால் காயமாகும். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, மறுமுறை வெட்டுவதற்கு உதவாமல் போகும். வெட்டிப் பார்த்துக் கற்கலாம் என்றால் மரம் வீணாகும். ஆகவே மூத்த மண்டோர் (வேலை மேற்பார்ப்பவர்) சொன்னதை முதலில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் என் தந்தையார் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளவில்லை. மண்டோர் வெட்டிய மரங்களின் பட்டையைப் போய்ப் பார்த்தார், அவருக்குத் தன்னிடம் பொய் சொல்லக் காரணம் உண்டா என்று எண்ணினார், பிறகு தெளிந்தார். அதே தந்தையார் பால் நிறுக்கும் இடத்தில் கிராணி (தோட்டத்துக் கணக்கர்) சொன்ன எடையை அப்படி ஏற்கவில்லை. நிறுவையைத் தம் கண்ணால் பார்க்காமல் வாளியை எடுக்கமாட்டார். கிராணிக்கும் எடை தெரியும். ஆனால் தெரிந்ததைத் தெரிந்தபடி சொல்லும் விருப்பம் அவரிடம் உண்டா என்பது தந்தையாருக்கு ஐயம்.

நியாயம் என்னும் தருக்க மரபின் மூலநூலாகிய நியாய சூத்திரம் ஆப்தனின் (நம்பத்தக்கவனின்) உபதேசமே சப்தம் (உரை அளவை) என்கிறது. அதற்கு உரை கண்ட வாத்சியாயனர், பொருளை நேரே அறிந்தவராகவும், அறிந்தபடியே பிறருக்குச் சொல்லும் விருப்பம் உடையவராகவும் இருப்பவரே ஆப்தர் என்றும், இந்த இலக்கணம் இருடிக்கும் ஆரியருக்கும் வேற்றினத்தாராகிய மிலேச்சருக்கும் பொது என்றும் எழுதுகிறார். ‘மிலேச்சருக்கும்’ என்ற அந்தக் கடைசிச் சொல்லை வகுப்பில் எப்போதும் நிறுத்திப் படிக்கிறேன். குலத்தாலோ கோலத்தாலோ ஒருவர் சொல் அளவையாகிவிடுவதில்லை. மண்டோரும் ஆகலாம், முனிவரும் ஆகாமற் போகலாம். வேதத்தின் ஏற்புடைமையைக்கூட நியாய நூலார் ஆயுள்வேதத்தை உவமை காட்டித்தான் நிறுவுகிறார்கள்: மருந்து பலித்த இடத்தில் சொன்னவரின் நம்பகம் தெரிந்தது, அவ்வாறே இங்கும் என்கிறார்கள். மீமாஞ்சகர் இதை ஒப்பவில்லை. வேதத்துக்கு ஆசிரியரே இல்லை, ஆதலால் ஆசிரியர் குற்றமும் அதில் இல்லை என்பது அவர்கள் வழி. இரு தரப்பும் வேதத்தை ஏற்பவை. ஏன் ஏற்க வேண்டும் என்பதற்குக் காரணம் காட்டுவதில் நூற்றாண்டுக் கணக்கில் மோதிக்கொண்டவை.

தமிழில் இதற்கு எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த இடம் தெரிந்து தெளிதல் அதிகாரம். அரசன் வினைக்கு ஆள் தெரிவதைப் பற்றிய அதிகாரம் அது. சமயத்தைப் பற்றியதாகத் திரித்துச் சொல்லக்கூடாது. ஆயினும் ‘தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின் தேறுக தேறும் பொருள்’ என்பதிலும், ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்’ என்பதிலும் இரண்டு பிழைகளும் ஒன்றாக வைக்கப்பட்டிருப்பதைப் பாருங்கள். ஆராயாமல் தெளிவது இடும்பை. ஆராய்ந்து தெளிந்த பின் ஓயாமல் ஐயுறுவதும் இடும்பை. சம்பந்தரின் ‘மிக்கு’ இந்த இரண்டாவதைத் தொடுகிறது என்று நான் இப்போது புரிந்துகொள்கிறேன். அன்றைய மாணவன் முதலாவதிலிருந்து தப்ப முயன்றுகொண்டிருந்தான்.

சென்ற மாதம் இளைஞர்களுள் ஒருவர், மறுபிறவியைப் பற்றிக் கேட்ட ஒரு மாணவியிடம் அதே அடிகளைப் பாடத் தொடங்கினார். வகுப்பு நடக்கும்போது நான் குறுக்கிடுவதில்லை. அன்று எழுந்து நின்று, விடை தெரியாவிட்டால் அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லுங்கள் தம்பி, தேவாரத்தை இதற்கு எடுக்காதீர்கள் என்றேன். அவர் முகம் வாடியது. அதற்காக நான் வருந்துகிறேன், சொன்னதற்காக வருந்தவில்லை.

சங்கரரைக் கொண்டு தருக்கத்தை அடித்தல்

செய்யாதீர்கள். நெருப்பு குளிர்ச்சியானது என்று நூறு சுருதி (வேத) வாக்கியம் சொன்னாலும் அது அளவையாகாது என்று கீதை உரையில் எழுதியவர் அவர்தான்.

காலாம சூத்திரத்தைப் பாதியோடு நிறுத்துதல்

வகுப்பில் புத்தரைப் பகுத்தறிவின் பக்கம் நிறுத்துவதற்காக இச்சூத்திரத்தை எடுப்பார்கள். கேசபுத்த நகரத்துக் காலாமர்களிடம், செவிவழிச் செய்தி என்பதாலோ மரபு என்பதாலோ நூலில் உள்ளது என்பதாலோ ஏற்காதீர்கள் என்று புத்தர் சொன்னார் என்பது வரை படித்துவிட்டு ஏட்டை மூடிவிடுவார்கள். அதே பட்டியலில், தருக்கத்துக்குப் பொருந்துகிறது என்பதால் மட்டும் ஏற்காதீர்கள், அனுமானத்தால் கிடைத்தது என்பதால் மட்டும் ஏற்காதீர்கள் என்றும் வருகிறது. அதற்குப் பின், இச்செயல் தீமை தருவது, அறிவுடையோரால் பழிக்கப்படுவது என்று நீங்களே அறியும்போது விட்டுவிடுங்கள் என்கிறார். அறிவுடையோர் சொல்லுக்கு அங்கே இடம் உண்டு. வெறும் தருக்கத்துக்குத் தனி ஆட்சி இல்லை. முழுவதையும் படித்துக் காட்டினால் மாணவர்கள் இன்னும் கூர்மையாகக் கேட்கிறார்கள் என்பது என் அனுபவம்.

அளவைகளின் எண்ணிக்கையை மனப்பாடம் செய்வித்தல்

உலகாயதனுக்கு ஒன்று, பௌத்தருக்கு இரண்டு, சாங்கியருக்கு மூன்று, நியாயத்துக்கு நான்கு, மீமாஞ்சகருள் பிரபாகரருக்கு ஐந்து, குமாரிலர் வழியினராகிய பாட்டருக்கும் அத்துவைதிகளுக்கும் ஆறு என்று ஒப்பிக்க வைப்பதால் ஒருவருக்கும் பயனில்லை. மணிமேகலையின் சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதையைப் படிக்க வையுங்கள். காண்டல் ஒன்றே அளவை என்று பேசிய பூதவாதியிடம் மணிமேகலை, உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். எண்ணிக்கை ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது என்பது அந்த ஒரு கேள்வியில் விளங்கும்.

கேட்பவனை விதண்டாவாதி என்பது

தன் கொள்கையை நிறுவாமல் பிறன் கொள்கையை மட்டும் இடிப்பதே விதண்டை. மாணவன் கொள்கை கேட்டு வந்தவன்.

அனுமானத்தாலேயே எல்லாம் முடியும் என்று மறுபக்கம் சாய்தல்

கேள்விக்கு இடம் கொடுக்கப் பழகிய பின் நான் விழுந்த குழி இது. தருக்கத்தாலேயே சிவனை நிறுவிவிடலாம் என்று சில ஆண்டுகள் பேசினேன். நியாய நூலார் அனுமானத்துக்குக் காட்டும் உவமைகளுள் ஒன்று, ஆறு பெருகியிருப்பதைக் கண்டு மேலே மழை பெய்தது என்று அறிவது. நியாய சூத்திரமே பின்னோரிடத்தில் தடையையும் எழுப்புகிறது: தண்ணீர் எங்கோ அடைபட்டாலும் ஆறு பெருகித் தோன்றலாமே என்று. கோலகங்சாரில் பேராக் ஆற்றங்கரையில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. 1930ஆம் ஆண்டு முதல் மேலே செண்டரோ அணை இருக்கிறது. திறந்துவிட்டால் மழை இல்லாமலும் நீர் ஏறும். வாத்சியாயனர் தரும் விடை அழகானது. வெறும் பெருக்கம் அடையாளமாகாது. நீரின் வேகம், நுரை, அடித்துவரும் இலையும் பழமும் கட்டையும் சேர்ந்த பெருக்கமே அடையாளம் என்கிறார். ஏது பிழைத்தால் ஏதுவைக் கூர்மையாக்க வேண்டும் என்பதை அங்கே கற்கலாம். ஆனால் எல்லா ஏதுவும் அப்படிக் கூர்மையாகிவிடுமா என்பது வேறு.

மறுபிறவியைக் கேட்ட அதே மாணவி அண்மையில் முதல் நூற்பாவைப் பற்றியும் கேட்டாள். குடத்துக்குக் குயவன் போல உலகுக்குக் கர்த்தா என்கிறீர்கள்; கோயிலுக்குப் பின்னால் மஞ்சள் பூசிய புற்று இருக்கிறதே, அதுவும் மண்ணால் ஆன வடிவந்தான், அதைக் கட்டியவை ஆயிரம் கரையான்கள், அங்கே ஒருவன் எங்கே என்றாள். பௌத்தப் பேராசிரியர் தருமகீர்த்தி, மண் வடிவம் என்பதாலேயே குயவனைக் கருதினால் புற்றையும் குயவன் செய்தான் என்று சொல்ல நேரும் என்று எழுதியிருப்பது அவளுக்குத் தெரியாது. தானாகவே அந்த இடத்துக்கு வந்துவிட்டாள். கர்த்தா ஒருவர்தானா பலரா என்பதை அனுமானம் காட்டாது என்ற வாதத்தை இராமாநுசரும் எடுத்திருக்கிறார். பக்தியின் பேராசானாகிய அவர், இறைவனை அனுமானத்தால் நிறுவ இயலாது, சாத்திரத்தாலேயே அறிய இயலும் என்பதை, நியாய நூலார் காட்டிய ஏதுக்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்து நிறுவுகிறார். நியாய நூலாராகிய உதயனரோ இறைவன் உண்டு என்பதை ஏதுக்களாலேயே நிறுவத் தனி நூல் செய்தார். இவர்களில் யார் நம்பிக்கையாளர், யார் தருக்கவாதி என்று நம் இளைஞர்கள் கரும்பலகையில் போட்ட கட்டம் சொல்லட்டும்.

அந்த மாணவியிடம், புற்றுக்கு விடை இப்போது என்னிடம் முழுமையாக இல்லை என்று சொன்னேன். ஏது எதுவரை செல்கிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதைச் சிவஞானபோதத்துக்குச் சிவஞான முனிவர் எழுதிய பேருரையாகிய மாபாடியத்தில் முதல் நூற்பாவுக்குரிய பகுதியை வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். இளைஞர்கள் இருவரும் படிக்கிறார்கள். அவள் தருமகீர்த்தியின் பக்கம் நின்று பேச ஒப்புக்கொண்டிருக்கிறாள். வரும் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்குத் தொடங்குகிறோம்.